கடைத் தராசும் அறிவுத் தராசும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

அகில உலகங்களையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனது திருத்தூதர் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

நாம் ஆலிம் அல்லோம். ஊர் மதரஸாவில் ஓதியதும், தொடக்கப் பள்ளியில் படித்ததும், அதன் பிறகு கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அறிந்ததுமே நமது கல்வி. அப்படியிருக்க, தர்க்கத்தையும் நன்மை தீமையையும் பற்றி எழுத நாம் துணிந்ததற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போய்த் தத்துவம் படிக்கிறார்கள். விடுமுறையில் கடைக்கு வந்தால் வாய் சும்மா இருப்பதில்லை. "நல்லது என்றால் என்ன மாமா? அது நல்லது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவருக்கு நியாயமாகப் படுவது இன்னொருவருக்கு அநியாயமாகப் படுகிறதே, அதில் எது சரி?" என்று கேட்கிறார்கள். நம்மில் பலர் சொல்லும் பதில், "எல்லாம் கிதாபில் இருக்கிறது, நீ சரக்கை அடுக்கு" என்பதுதான்.

இந்தப் பதில் நமக்குச் சம்மதமில்லை. பிள்ளை வாயை மூடிக்கொள்வான். கேள்வி அவன் மனத்தில் திறந்தே கிடக்கும். நம் மார்க்கத்தில் இதற்கு விடை இல்லை போலும் என்று எண்ணிக்கொண்டு போய்விடுவான். உண்மையோ நேர்மாறு. இந்தக் கேள்விகளை நம் இமாம்கள் ஏறத்தாழ ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே, அதுவும் கடைத்தெருப் பாஷையிலேயே பேசி வைத்திருக்கிறார்கள்.

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை அறியாதவர் நம்மில் இல்லை. 1058ல் தூஸ் நகரில் பிறந்து, பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் தலைமைப் பேராசிரியராக வீற்றிருந்து, 1095ல் அந்தப் பதவியைத் துறந்து வெளியேறி, 1111ல் மறைந்தவர்கள். அன்னாரின் தகப்பனார் கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் தர்க்கத்தைப் பற்றி எழுதிய கிதாபுகளின் பெயரைப் பாருங்கள். ஒன்று 'மிஃயாருல் இல்ம்', அதாவது அறிவின் அளவுகோல். இன்னொன்று 'மிஹக்குந் நளர்', அதாவது சிந்தனையின் உரைகல். பத்தர் தங்கத்தை உரசிப் பார்க்கும் அதே உரைகல்தான். மூன்றாவது 'அல்கிஸ்தாஸுல் முஸ்தகீம்', நேரான தராசு. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் நேரான தராசால் நிறுக்கும்படி அல்லாஹ் கட்டளையிடும் இடத்தில் வரும் சொல்லையே இமாம் அவர்கள் எடுத்துப் பெயராக வைத்தார்கள். அளவுகோல், உரைகல், தராசு மூன்றும் கடையில் கிடக்கும் சாமான்கள். வியாபாரிகளுக்கு இந்த இல்மு அந்நியம் என்று யார் சொன்னது?

இந்தக் கலைக்கு அரபியில் மன்திக் என்று பெயர். கிரேக்க நாட்டு அரஸ்து முறைப்படுத்தியதை, பக்தாதில் அரபியில் பெயர்த்தார்கள். அரஸ்துவை முதல் ஆசிரியர் என்றும், ஃபாராபியை இரண்டாம் ஆசிரியர் என்றும் அந்நாளில் அழைத்தார்கள். அரபி மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் 'ஈஸாகூஜி' என்ற சிறு கிதாபின் பெயரே கிரேக்கச் சொல்தான். இதையெல்லாம் வேண்டாம் என்ற பெரியோர்களும் உண்டு. 1328ல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா மன்திக்காரர்களை மறுத்துத் தனி நூலே எழுதினார்கள். இமாம் கஸ்ஸாலியோ, இந்த அளவுகோலை அறியாதவரின் கல்வியை நம்ப முடியாது என்னும் அளவுக்குச் சொன்னார்கள். எந்த நாட்டில் வார்த்த எடைக்கல் என்று பார்த்து நாம் கல்லைத் தள்ளுவதில்லை. சரியாக நிறுக்கிறதா என்று பார்த்துத்தான் வைத்துக்கொள்கிறோம். நம் சாய்வு இமாம் கஸ்ஸாலியின் பக்கமே.

'நேரான தராசு' கிதாபில் ஒருவர் இமாம் அவர்களிடம் வாதுக்கு வருகிறார். அறிவால் ஆராய்ந்தால் ஆளுக்கொரு முடிவு வருகிறது, ஆகையால் அறிவை விட்டுவிட்டு, தவறே செய்யாத ஓர் இமாமிடம் கேட்டு நடப்பதுதான் வழி என்பது அவர் கட்சி. நம் பிள்ளை கேட்கும் கேள்வியின் மறுபக்கம் இது. இமாம் அவர்கள் தம்மிடம் தராசு இருக்கிறது என்று சொல்லி, குர்ஆனிலிருந்தே ஐந்து தராசுகளை எடுத்துக் காட்டுகிறார்கள்.

முதலாவது பெரிய தராசு. இப்ராஹீம் நபி (அலை) நம்ரூதிடம் வாதாடியது. அவன் தானே உயிர்ப்பிப்பவனும் மரணிக்கச் செய்பவனும் என்று பெருமையடித்தபோது, சூரியனைக் கிழக்கில் உதிக்கச் செய்பவன் என் இறைவன், நீ அதை மேற்கில் உதிக்கச் செய் என்று கேட்டார்கள்; அவன் வாயடைத்தான். இதற்குள் இருக்கும் தர்க்கம் யாதெனில்: சூரியனை உதிக்கச் செய்ய வல்லவனே இறைவன், என் நாயனே அதைச் செய்கிறான், ஆகவே அவனே இறைவன், நீ அல்ல. ஒரு பொது விதி, அதற்குள் அடங்கும் ஒரு பொருள், பிறகு முடிவு. காலாவதியான சரக்கை விற்கக்கூடாது. இந்த டப்பா காலாவதியானது. ஆகவே இதை விற்கக்கூடாது. கடைப் பையனும் சொல்லிவிடுவான்.

இரண்டாவது நடுத்தராசு. நட்சத்திரமும் சந்திரனும் மறைந்தபோது, மறைவது இறைவனாக இருக்க முடியாது என்று இப்ராஹீம் நபி விலக்கினார்கள். நல்ல நோட்டில் நீரோட்டக் குறி இருக்கும். இதில் அது இல்லை. ஆகவே இது நல்ல நோட்டு அல்ல. கல்லாவில் இருப்பவர் தினமும் இந்தத் தராசைப் பிடித்துக்கொண்டே நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். பெயர்தான் தெரியாது.

மூன்றாவதைச் சிறிய தராசு என்றார்கள். நமக்கு அதுதான் மிகவும் பயன்படக்கூடியது. எந்த மனிதர் மீதும் அல்லாஹ் எதையும் இறக்கவில்லை என்று சிலர் சாதித்தார்கள். அப்படியானால் மூஸா நபி (அலை) கொண்டு வந்த வேதத்தை இறக்கியது யார் என்று கேட்குமாறு திருமறை கற்பிக்கிறது. மூஸா மனிதர், அவருக்கு வேதம் இறங்கியது, ஆகவே 'ஒருவருக்கும் இல்லை' என்பது பொய். ஒரே ஓர் உதாரணம் போதும், அந்தப் பெரிய வாய்ச்சொல் உடைந்து விழும். இப்போது நம் கடைத்தெருவில் உலவும் ஒரு பேச்சை இதில் வையுங்கள். "இந்தக் காலத்தில் நேர்மையாக வியாபாரம் செய்து ஒருவனும் பிழைக்க முடியாது." இதை நாம் காப்பிக் கடையில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! உங்கள் தெருவிலேயே எடையில் குறைக்காமல், பொய் சொல்லாமல் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு மனிதர் உண்டா? இருந்தால் அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் ஒன்று: அந்த ஒருவரை வைத்துக்கொண்டு, நேர்மையாக இருக்கும் எல்லோருமே பிழைத்துவிடலாம் என்று முடிவு கட்டவும் முடியாது. சிறிய தராசு அவ்வளவு பாரம் தாங்காது. 'ஒருவரும் இல்லை' என்பதை உடைப்பதே அதன் வேலை.

நிற்க. நான்காவது தராசில் நாம் சற்று நேரம் தங்க வேண்டும். ஏனெனில் வியாபாரிகள் மிகவும் இடறி விழும் இடம் அது.

வானத்திலும் பூமியிலும் அல்லாஹ்வையன்றி வேறு தெய்வங்கள் இருந்திருந்தால் அவை இரண்டும் சீர்குலைந்து போயிருக்கும் என்பது திருமறையின் வாதம். சீர்குலையவில்லை, ஆகவே வேறு தெய்வம் இல்லை. 'இது இருந்தால் அது இருக்கும்' என்று இரண்டைப் பிணைத்துப் பேசும் தராசு இது. மழை பெய்தால் கடைவாசல் நனையும் என்று வைத்துக்கொள்வோம். மழை பெய்தது என்று தெரிந்தால், வாசல் நனைந்தது என்று சொல்லலாம். வாசல் நனையவில்லை என்றால், மழை பெய்யவில்லை என்று சொல்லலாம். இவ்விரண்டும் சரியான நிறுவை. ஆனால் வாசல் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. சிப்பந்தி வாளித் தண்ணீரால் கழுவி விட்டிருக்கலாம். மழை பெய்யவில்லை, ஆகவே வாசல் நனைந்திருக்காது என்பதும் அதே காரணத்தால் தவறு. ஒரே வாக்கியத்திலிருந்து நான்கு பக்கம் போகலாம். இரண்டு பக்கம் வழி, இரண்டு பக்கம் பள்ளம்.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறோம்? நம் மக்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: அல்லாஹ் ஒருவனைப் பொருந்திக்கொண்டால் அவன் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். "பார், அவருக்கு மூன்று கடை, நான்காவதும் திறக்கப் போகிறார், அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொண்டான்." இது நனைந்த வாசலைப் பார்த்து மழை என்று சொல்வது. காரூனின் பொக்கிஷச் சாவிகளைச் சுமக்கவே பலசாலிகள் கூட்டம் திணறியது என்று அல்கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. அவன் அலங்காரத்தோடு வெளியே வந்தபோது, பாக்கியசாலி என்று ஏங்கினவர்கள் இருந்தார்கள். பூமி அவனை விழுங்கிய பிறகுதான் அவர்கள் கணக்குத் தவறு என்று உணர்ந்தார்கள்.

இதைவிடக் கொடுமை மறுபக்கத்துப் பள்ளம். 2020ல் கொரோனா நோயின் போது மலேசியாவில் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சிங்கப்பூரிலும் ஏப்ரலில் கடைகள் பல மூடிக் கிடந்தன. வாடகையும் சம்பளமும் நின்றபாடில்லை. முப்பது வருஷம் நடத்திய கடைக்குப் பூட்டுப் போட்டு ஊர் திரும்பியவர்கள் நம் சமூகத்தில் உண்டு. அவர்களைப் பற்றிச் சிலர் வாய் கூசாமல் பேசினார்கள்: "அவன் கொடுக்கல் வாங்கலில் என்ன செய்தானோ, அல்லாஹ் காட்டிவிட்டான்." சகோதரர்களே, இது என்ன தராசு? ஹராமான பணம் நிலைக்காது என்பது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், நிலைக்காத பணமெல்லாம் ஹராம் என்று அதிலிருந்து எப்படி வரும்? அல்ஃபஜ்ரு அத்தியாயத்தில் அல்லாஹ் இதே பேச்சைத்தான் எடுத்துக் கண்டிக்கிறான். வசதி வந்தால் என் இறைவன் என்னைக் கண்ணியப்படுத்தினான் என்பதும், நெருக்கடி வந்தால் என்னை இழிவாக்கினான் என்பதும் மனிதனின் வழக்கம் என்று கூறி, அப்படியல்ல என்று மறுத்துவிட்டு, அநாதையைக் கண்ணியம் செய்யாததையும் ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாததையும் எடுத்துக் கேட்கிறான். ஐயூப் நபி (அலை) அவர்களிடமிருந்து செல்வமும் மக்களும் ஆரோக்கியமும் போயிற்றே, அவர்கள் எந்தத் தராசில் குறைத்தார்கள்? இந்தப் பேச்சைப் பேசுகிறவர் தர்க்கத்தில் தவறியதோடு நிற்கவில்லை. ஒரு முஃமினின் மானத்தையும் எடுத்துவிட்டார். இன்னும் சொன்னால், அந்த மனிதர் மறுபடி தொழில் தொடங்கக் கைமாற்றுக் கேட்டு வரும்போது கொடுக்காமல் இருப்பதற்கு இந்தப் பேச்சு வசதியாக இருக்கிறது. தவறான தர்க்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பணப்பை இருக்கும்.

ஐந்தாவது தராசு, இதுவா அதுவா என்று பிரித்து நிறுப்பது. எல்லா வழிகளையும் எண்ணியிருந்தால்தான் அது செல்லும். எடையில் கைவைக்க வேண்டும், இல்லையேல் கடையை மூட வேண்டும் என்பவர் மூன்றாவது வழியை வேண்டுமென்றே எண்ணாமல் விட்டவர்.

நேரான தராசு இருப்பதுபோல் கோணல் தராசும் உண்டு. ஆதம் நபிக்கு (அலை) ஸுஜூது செய்யச் சொன்னபோது இப்லீஸ் சொன்ன காரணத்தை எல்லோரும் அறிவோம். தான் நெருப்பால் படைக்கப்பட்டவன், அவர் மண்ணால் படைக்கப்பட்டவர், ஆகவே தானே மேலானவன் என்றான். முதன்முதலில் தவறாகக் கியாஸ் செய்தவன் அவனே என்று முன்னோர் சொல்வர். அவன் வெளியே சொன்னது பாதி. சொல்லாமல் ஒளித்து வைத்தது மீதி. மண்ணைவிட நெருப்பு மேல் என்று யார் தீர்ப்பளித்தது? அப்படியே இருந்தாலும், மூலப்பொருள் மேலானால் செய்யப்பட்டதும் மேலாகிவிடுமா? இந்த இரண்டையும் நிரூபிக்காமல் தட்டின் அடியில் ஒட்டி வைத்து நிறுத்தான். தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்து நிறுக்கும் தந்திரம் சந்தையில் தெரிந்ததுதானே! ஒருவர் வாதம் செய்தால் அவர் சொன்னதை மட்டும் கேட்டால் போதாது. தட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். "அவன் அந்த ஊர்க்காரன், நாங்கள் இந்த ஊர்க்காரர்" என்று நம் ஊர்ச் சங்கங்களுக்குள் எழும் பெருமையின் தட்டைத் திருப்பினால் அடியில் இப்லீஸின் அதே புளிதான் இருக்கும்.

இனி நன்மை தீமை பற்றிய விஷயத்துக்கு வருவோம். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் தம் மாமாவின் கடையில் கேட்டதாக நாம் கேள்விப்பட்டது இது: "மாமா, வாங்குகிறவர் பார்த்துத்தானே வாங்குகிறார்? விலை பிடித்துத்தானே காசைக் கொடுக்கிறார்? இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் அதில் தப்பு எங்கே வந்தது?" நல்ல கேள்வி. பஸராவில் இதே கேள்வி ஒரு கடையில் எழுந்திருக்கிறது. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா உலூமித்தீன்' கிதாபில், பொருளீட்டும் ஒழுக்கங்களைப் பற்றிய பாகத்தில் இதை எழுதியுள்ளார்கள்.

யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) ஆடை வியாபாரி. கடையில் 400 திர்ஹம் விலையுள்ள ஆடைகளும் 200 திர்ஹம் விலையுள்ள ஆடைகளும் இருந்தன. தம் சகோதரர் மகனைக் கடையில் வைத்துவிட்டுத் தொழப் போனார். ஒரு கிராமவாசி வந்து 400 திர்ஹமுக்கு ஆடை கேட்டார். பையன் 200 திர்ஹம் ஆடையை எடுத்துக் காட்டினான். அவருக்குப் பிடித்துவிட்டது; 400ஐக் கொடுத்து வாங்கிப் போனார். வழியில் யூனுஸ் அந்த ஆடையை அடையாளம் கண்டு விலை கேட்டார். அது 200க்கு மேல் பெறாது, திரும்பி வாருங்கள் என்றார். வந்தவரோ, எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்திதான் என்கிறார்! யூனுஸ் விடவில்லை. கடைக்கு அழைத்துவந்து 200ஐத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பையனைக் கண்டித்தார். அவன், அவர் திருப்தியோடுதானே வாங்கினார் என்றான். உனக்கு எதைப் பொருந்திக்கொள்வாயோ அதை அவருக்குப் பொருந்திக்கொண்டாயா என்பது பெரியவரின் கேள்வி.

பையனின் தர்க்கத்தில் பழுது எங்கே? வியாபாரம் இருவர் சம்மதத்தோடு நடக்க வேண்டும் என்று திருமறை கூறுவது உண்மை. அதாவது சம்மதம் இல்லாவிட்டால் அந்த வியாபாரம் கூடாது. அவனோ, சம்மதம் இருந்துவிட்டால் மற்ற எல்லாம் கூடும் என்று எடுத்துக்கொண்டான். இது மறுபடியும் அந்த நனைந்த வாசல்தான். ஒளூ இல்லாமல் தொழுகை இல்லை. அதற்காக ஒளூ செய்தவர் தொழுதுவிட்டவர் ஆவாரா? சம்மதம் வேண்டியவற்றுள் ஒன்று. வேண்டியதெல்லாம் அதுவே அல்ல. மேலும், விஷயம் தெரியாமல் கொடுக்கும் சம்மதம் எதற்குச் சம்மதம்? நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரலில் ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. ஜனங்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, மோசம் செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கடிந்தார்கள். அந்தக் குவியலை வாங்குகிறவரும் 'பார்த்துத்தான்' வாங்கியிருப்பார். மேல்பக்கத்தைப் பார்த்திருப்பார்.

சரி, மோசடி தீமை என்கிறோம். அல்லாஹ் விலக்கியதனால் அது தீமையா, தீமையாக இருப்பதனால் அல்லாஹ் விலக்கினானா? பிள்ளைகள் இதைக் கிரேக்க நாட்டு சாக்ரடீஸின் கேள்வி என்று படித்துவிட்டு வருகிறார்கள். அஃப்லாத்தூன் எழுதி வைத்தது. நம்மிடமும் இது பெரிய வழக்காக நடந்தது. முஃதஸிலாக்கள், நன்மை தீமையை அறிவே கண்டுகொள்ளும் என்றார்கள். அஷ்அரீ வழியினர், நன்மை தீமை என்ற தீர்ப்பு ஷரீஅத் வந்துதான் நிலைபெறும் என்றார்கள். மாதுரீதி வழியினர் நடுவே நின்று, சிலவற்றின் நன்மை தீமையை அறிவு காணும், அதன் கட்டளையோ அல்லாஹ்விடமிருந்தே என்றார்கள். நம்மில் ஷாஃபியீகள் பெரும்பாலும் அஷ்அரீ வழி, ஹனஃபிகள் மாதுரீதி வழி. ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறோம், இந்த வழக்கு நம் இடையே நடப்பது பலருக்குத் தெரியாது.

மக்காவில் ஒரு சம்பவம். நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் வருவதற்கு முந்திய காலம். யமனிலிருந்து வந்த ஒரு வியாபாரியின் சரக்கை ஆஸ் இப்னு வாயில் என்ற பிரமுகர் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கவில்லை. அந்நியர், ஆதரவில்லை. அவர் அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று முறையிட்டார். குறைஷியர் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவருக்காக நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று அதற்குப் பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னும், அப்படி ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் செல்வேன் என்றார்கள். விக்கிரகத்தை வணங்கிய மக்களுக்கு, சரக்கை வாங்கிப் பணம் கொடுக்காதது அநீதி என்று தெரிந்திருந்தது. அவர்களே நாயகத்தை அல்அமீன் என்றும் அழைத்தார்கள். இதைப் பார்த்தால் மாதுரீதிகள் சொல்வது நம் மனத்துக்கு ஒட்டுகிறது. ஷாஃபியீ நண்பர்கள் கோபிக்க வேண்டாம்; இயல்பாக மனம் வெறுப்பது வேறு, மறுமையில் கூலியும் தண்டனையும் உண்டென்று தீர்ப்பாவது வேறு என்று அவர்களிடம் விடை தயாராக இருக்கிறது. பக்கத்துக் கடைச் சீனரும் எதிர்க்கடைத் தமிழரும் எடையில் நேர்மையாக இருப்பதைக் கண்டு, இவர்களுக்கு ஷரீஅத் இல்லையே என்று திகைக்கும் பிள்ளைக்கு இந்த வரலாற்றைச் சொல்லலாம்.

விதி என்று இருந்தால் விலக்கே கிடையாதா என்றும் கேட்பார்கள். ஜெர்மனியின் இம்மானுவேல் காண்ட் என்ற தத்துவ ஆசிரியர் 1797ல் ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் துரத்திவந்து, உன் நண்பன் வீட்டுக்குள் இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்பது அவர் முடிவு. இமாம் கஸ்ஸாலியோ, அநியாயக்காரனிடமிருந்து ஒளிந்திருப்பவரைக் காப்பாற்ற வேறு வழியில்லையென்றால் அங்கே பொய் சொல்வது கடமை என்றார்கள். நமக்கு இமாம் சொல்வதே நியாயமாகப் படுகிறது. ஆனால் இந்த வாசல் உயிர் காக்கத் திறந்தது. "இது கொள்முதல் விலை, அல்லாஹ் மீது ஆணை" என்று சொல்லிச் சேலை விற்பதற்கு இதற்குள் நுழைய முடியாது.

அறிவு ஒன்றானால் இமாம்கள் ஏன் வேறுபட்டார்கள்? பலசரக்குக் கடை உதாரணமே இருக்கிறது. ஒரு பெண் நாயகத்திடம் (ஸல்) வந்து, ஹஜ்ஜுச் செய்ய நேர்ந்துகொண்ட தம் தாயார் அதைச் செய்யாமல் இறந்துவிட்டதைச் சொல்லி, தாம் செய்யலாமா என்று கேட்டார். உன் தாயாருக்குக் கடன் இருந்தால் அடைப்பாய் அல்லவா, அல்லாஹ்வின் கடன் அதைவிட உரிமையுடையது என்ற கருத்தில் விடையளித்தார்கள். தெரிந்ததை வைத்துத் தெரியாததை அளப்பது: இதுவே கியாஸ். இதில் காரணம் என்ன என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதை இல்லத் என்பார்கள். தங்கம், வெள்ளி, கோதுமை, பார்லி, பேரீச்சம்பழம், உப்பு ஆகிய ஆறையும் அதே இனத்துக்கு ஏற்றத்தாழ்வாக மாற்றுவது ரிபா என்று ஹதீஸ் கூறுகிறது. அரிசி அந்தப் பட்டியலில் இல்லை. முட்டையும் இல்லை. இந்த ஆறில் நான்கு உணவு, ஆகவே உணவாயிருப்பதே காரணம் என்றார்கள் ஷாஃபியீ இமாம். அளந்தும் நிறுத்தும் விற்கும் ஒரே இனமாயிருப்பது காரணம் என்றார்கள் ஹனஃபிகள். அரிசி உணவு, அளக்கவும் படுகிறது. ஆகவே இருவரிடமும் நல்ல அரிசி ஒரு மூட்டைக்கு மட்ட அரிசி ஒன்றரை மூட்டை மாற்றக்கூடாது. மட்டத்தை விற்றுக் காசாக்கி, நல்லதைக் காசுக்கு வாங்க வேண்டும். பிலால் (ரலி) அவர்கள் பேரீச்சம்பழத்தை அப்படி மாற்றியபோது நாயகம் காட்டிய வழி அது. முட்டை எண்ணி விற்கப்படுவது. கைக்குக் கை ஒன்றுக்கு இரண்டு மாற்றுவதை ஹனஃபி அனுமதிப்பார்; ஷாஃபியீ மறுப்பார். இரும்பில் கதை தலைகீழ். இருவர் தராசும் ஒரே அமைப்புத்தான், இட்ட கல்தான் வேறு. எந்தக் கல்லை ஏன் இட்டோம் என்று இருவரும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் நாம் அவர்களைப் பின்தொடர்ந்து சரிபார்க்க முடிகிறது. கியாஸில் பெயர்பெற்ற இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே கூஃபாவில் துணி வியாபாரி என்பதை நம்மவர் மறந்துவிடக்கூடாது.

கடைசியாக, வாசகர்களிடம் ஒரு கணக்கை விடுகிறோம். இமாம் கஸ்ஸாலி எழுதிய இன்னொரு செய்தி: வாஸித் நகரத்து வியாபாரி ஒருவர் கப்பல் நிறைய கோதுமையை பஸராவுக்கு அனுப்பி, சேர்ந்த அன்றே விற்றுவிடும்படி முகவருக்கு எழுதினார். சேர்ந்தபோது விலை மலிவு. ஒரு வாரம் பொறுத்தால் பன்மடங்கு கிடைக்கும் என்று பஸரா வியாபாரிகள் யோசனை சொல்ல, முகவர் பொறுத்தார்; கிடைத்தது. மகிழ்ச்சியோடு எழுதினார். முதலாளியோ, பதுக்கிய பாவம் நம்மைச் சேர்ந்துவிட்டது, பணம் முழுவதையும் பஸராவின் ஏழைகளுக்குக் கொடுத்துவிடு என்று எழுதிவிட்டார்.

2020ல் முகக்கவசம் தட்டுப்பாடான நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடைக்காரர் புதிய விலையில் கொள்முதல் செய்து வழக்கமான இலாபம் வைத்து விற்றார். இரண்டாமவர் பழைய விலைச் சரக்கைப் புதிய விலைக்கு உடனே விற்றார். மூன்றாமவர் இன்னும் ஏறட்டும் என்று கிட்டங்கியில் பூட்டி வைத்தார். இமாம்களில் பலர் பதுக்கலை உணவுப் பொருளோடு நிறுத்தினார்கள், முகக்கவசம் உணவல்ல. இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ, எதைப் பிடித்து வைத்தால் ஜனங்களுக்குத் தீங்கு வருமோ அதெல்லாம் பதுக்கலே என்றார்கள். எந்த இல்லத்தை எடுப்பது? மூவரில் யார் எந்தத் தட்டில்? மூன்றாமவர் விஷயத்தில் நமக்குத் தயக்கமில்லை. அபூயூஸுஃப் சொல்லே போதும். இரண்டாமவர் விஷயத்தில் நம் கடையிலேயே இரண்டு கட்சி. பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி, காரணத்தோடு எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.